பட்டதாரி தாதியாகலாமா? கலேவெலவிலிருந்து ஒரு கேள்வி

கலேவெல பஸ் நிலையத்திலிருந்து குருணாகல் பக்கமாகக் கொஞ்சத் தூரம் நடந்தால், ரியூசன் வகுப்புகளின் பதாகைகளுக்கு நடுவே இன்னொரு பதாகை தொங்குகிறது. வெள்ளைச் சீருடையில் சிரிக்கும் ஒரு பெண், கழுத்தில் ஸ்டெதஸ்கோப், பின்னால் மேலெழும் விமானம். ஆறு மாதத்தில் தாதியர் பயிற்சி, சான்றிதழ், வெளிநாட்டு வேலை என்று மூன்று வாக்குறுதிகள். கீழே இரண்டு கைபேசி இலக்கங்கள். தம்புள்ளைக்கு மரக்கறி ஏற்றிப்போகும் லொறிகள் கிளப்பும் தூசியில் அந்தப் பெண்ணின் முகம் பாதி மங்கிவிட்டது. இலக்கங்கள் மட்டும் தெளிவாக இருக்கின்றன.

அந்தப் பதாகையைப் பற்றி என்னிடம் முதலில் கேட்டது என் சித்தி. "தம்பி, ஆறு மாசத்துல நர்ஸாகலாம்னு போட்டிருக்கானே, மெய்யா? அங்க மாமா மக ரெண்டு வருசத்துல ஆகப்போறாளாம். இவளும் பட்டதாரிதானே, இவளுக்கு ஏன் முடியாது?"

சித்தியின் கேள்வியில் இரண்டு கேள்விகள் இருந்தன. முதலாவதற்கு உடனே பதில் சொன்னேன். இரண்டாவதற்குப் பதில் தேடப்போய்த்தான் இந்தக் கட்டுரை வந்தது.

குடும்பக் கதையை முதலில் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் கேள்வி விளங்காது. எங்கள் அம்மா வழிக் குடும்பம் மாத்தளைத் தோட்டமொன்றைச் சேர்ந்தது. 1983 ஜூலையில் மாத்தளை நகரில் தமிழர்களின் கடைகள் எரிந்த பிறகு, 1977க்குப் பின் ஏற்கெனவே பலர் போன வழியில், மாமாவும் வன்னிக்குப் போனார். கிளிநொச்சியில் காணி துப்புரவாக்கி, கிணறு வெட்டி, வீடு கட்டினார். சித்தி இங்கே கலேவெலவில் வாழ்க்கைப்பட்டு இங்கேயே தங்கிவிட்டார். மலையகத்திலிருந்து பாதுகாப்புத் தேடி வன்னிக்குப் போன ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு 2009 என்ன செய்தது என்பது இந்தத் தளத்தின் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மாமாவின் மகள் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் செட்டிகுளம் மெனிக் ஃபாம் முகாமுக்குள் போனாள். வெளியே வந்ததும் ஒன்றரை வருடம் கலேவெலவில் சித்தி வீட்டில் இருந்து படித்தாள். பிறகு கனடா.

சித்தியின் மகளும் மாமாவின் மகளும் ஏறத்தாழ ஒரே வயது. ஒரே பாயில் படுத்துத் தூங்கியவர்கள். இன்று இருவரிடமும் ஒரே பாடத்தில் பட்டம் இருக்கிறது, சமூகவியல். ஒருத்தி ரொறன்ரோவில் படித்தாள், மற்றவள் இங்குள்ள பல்கலைக்கழகமொன்றில். இருவருக்குமே அந்தப் பட்டத்தால் நிரந்தர வேலை கிடைக்கவில்லை. இருவருக்குமே தாதியாக வேண்டும் என்ற எண்ணம் வெவ்வேறு காரணங்களால் வந்தது. ரொறன்ரோக்காரி வருகிற செப்டம்பரில் ஒன்ராறியோவின் இன்னொரு நகரத்துக்கு இடம்பெயர்ந்து பட்டதாரிகளுக்கான துரித தாதியர் கற்கைநெறியில் சேரப் போகிறாள். இங்குள்ளவள் பதாகையிலுள்ள இலக்கத்தைக் கைபேசியில் சேமித்து வைத்திருக்கிறாள்.

'துரிதம்' என்றால் என்ன?

ஏற்கெனவே வேறொரு துறையில் பட்டம் பெற்றவர் தாதியாக விரும்பினால், அவரை மீண்டும் நான்கு வருடம் முதலிலிருந்து படிக்கவைக்கத் தேவையில்லை என்பதே இந்தக் கற்கைநெறிகளின் அடிப்படை. பல்கலைக்கழகத்தில் கற்கும் முறை, எழுத்து, ஆய்வுமுறை, பொதுப்பாடங்கள் ஆகியவற்றை அவர் முடித்திருக்கிறார். எஞ்சியிருப்பது தாதியியலும் நோயாளியின் கட்டிலருகே பெறும் பயிற்சியும். அமெரிக்காவின் சென் லூயிஸ் பல்கலைக்கழகம் 1971இல் தொடக்கிய இந்த முறை இன்று அந்நாட்டில் பரவலாகிவிட்டது. அங்கே 12 முதல் 18 மாதங்களில் முடிகிறது. அவுஸ்திரேலியாவில் மெல்பேர்ண், சிட்னி பல்கலைக்கழகங்கள் இதை இரண்டு வருட முதுமாணிக் கற்கையாக நடத்துகின்றன. ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் தாதியர் இளமாணிக் கற்கையே இரண்டு வருடம்தான். வேறு துறையில் பல்கலைக்கழகக் கல்வி பெற்றவர்களை மட்டுமே அதற்கு எடுக்கிறார்கள்.

பிரித்தானியாவில் இதற்கு எழுதப்பட்ட கணக்கே உண்டு. அங்கு பதிவு பெற்ற தாதியாவதற்கு 4,600 மணித்தியாலக் கற்கை வேண்டும். அதில் பாதி நேரடிப் பயிற்சி. முன்னர் கற்றதையும் அனுபவத்தையும் மதிப்பிட்டு அதிகபட்சம் பாதி வரை கழிக்கலாம் என்று தாதியர் மற்றும் மருத்துவமாதர் பேரவை அனுமதிக்கிறது. மூன்று வருடம் இரண்டு வருடமாவது இப்படித்தான். 'முன்கற்றலை அங்கீகரித்தல்' என்பது இதன் பெயர். இந்தச் சொற்றொடரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஆகவே துரிதம் என்றால் குறைவு என்று பொருளல்ல. கோடை விடுமுறை இல்லை, இடையில் வேலை பார்க்க நேரம் இல்லை, பன்னிரண்டு மணித்தியால முறைமாற்றுப் பயிற்சி, அடுத்த நாள் பரீட்சை. கடைசியில் எல்லோரும் எழுதும் அதே அனுமதிப் பரீட்சை. ஒன்ராறியோவில் 2015 முதல் அது அமெரிக்காவிலும் பயன்படும் என்கிளெக்ஸ் பரீட்சை. நான்கு வருடம் படித்தவருக்கும் இரண்டு வருடம் படித்தவருக்கும் வினாத்தாள் ஒன்றுதான். பதிவும் ஒன்றுதான்.

மாமா மகளுக்கு அறிவியல் பின்னணி இல்லை. உடற்கூற்றியல், உடற்றொழிலியல், புள்ளிவிபரவியல் போன்ற முன்தேவைப் பாடங்களை மருந்துக்கடை வேலைக்குப் பிறகு இரவு வகுப்புகளில் ஒன்றொன்றாக எடுத்தாள். அதற்கு ஒன்றரை வருடம் போனது. இரண்டு வருடக் கற்கை என்று சித்திக்குச் சொல்லப்பட்டது உண்மையில் மூன்றரை வருட உழைப்பு. இதைச் சித்திக்குச் சொன்னபோது, "அப்போ அவ படிச்சுத்தான் ஆகுறா" என்றார் கொஞ்சம் ஆறுதலாக.

தொலைந்த அட்டை

செப்டம்பருக்கான தயாரிப்பு எப்படிப் போகிறது என்று அவளிடம் கேட்டேன். பாடப்புத்தகம், வீட்டு வாடகை பற்றிப் பேசுவாள் என்று நினைத்தேன். அவள் முதலில் பேசியது தடுப்பூசி அட்டையைப் பற்றி.

தாதிய மாணவர் வைத்தியசாலைக்குள் காலடி வைக்குமுன் தட்டம்மை, கூவைக்கட்டு, ருபெல்லா, கொப்புளிப்பான் ஆகியவற்றுக்கு எதிர்ப்புச் சக்தி உண்டு என்பதற்குச் சான்று காட்ட வேண்டும். ஹெபடைடிஸ் பி ஊசி முழுமையாகப் போட்டிருக்க வேண்டும். காசநோய்த் தோல் பரிசோதனை இரண்டு கட்டங்களாகச் செய்ய வேண்டும். கனடாவில் பிறந்த பிள்ளைக்கு இது ஒரு நாள் வேலை. குடும்ப வைத்தியரிடம் கேட்டால் தாள் வரும். எங்கள் மாமா மகளின் தடுப்பூசி அட்டை 2009 மாசிக்கும் வைகாசிக்கும் இடையில் புதுமாத்தளனிலோ முள்ளிவாய்க்காலிலோ ஒரு பதுங்குகுழிக்குள் போய்விட்டது. பிறப்புச் சான்றிதழை மாமி சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு வந்தார். ஊசி அட்டை ஒருநாள் தேவைப்படும் என்று அங்கே யார் நினைத்தார்கள்?

அவள் சித்தியிடம் கேட்டாள். கலேவெலவில் படித்தபோது பாடசாலையில் ஒரு ஊசி போட்ட ஞாபகம், ஏதாவது துண்டு இருக்கிறதா என்று. சித்தி பெட்டியைக் கவிழ்த்துத் தேடினார். தன் மகளின் அட்டை பத்திரமாக இருந்தது. மருமகளுடையது இல்லை.

இது அவளுக்கு மட்டும் வந்த சிக்கல் அல்ல. வன்னியில் வளர்ந்து இன்று லண்டனிலோ ரொறன்ரோவிலோ மெல்பேர்ணிலோ சுகாதாரத் துறைப் படிப்புக்குள் நுழைய முயலும் பலருக்கு இது வரப்போகிறது. எனவே அவளிடமிருந்து அறிந்ததை இங்கே எழுதிவைக்கிறேன். அட்டை இல்லாவிட்டால் இரத்தப் பரிசோதனை மூலம் எதிர்ப்புச் சக்தியை நிரூபிக்கலாம். இல்லையென்று வந்தால் ஊசியை மீண்டும் போட்டுக்கொள்வதில் ஆபத்து எதுவும் இல்லை. ஹெபடைடிஸ் பி இலங்கையின் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்க்கப்பட்டது 2003இல்தான். அதற்குமுன் இங்கே பிறந்தவர்கள் குழந்தையில் போட்டிருக்க மாட்டார்கள். அந்த ஊசி பூச்சியம், ஒன்று, ஆறு என்ற மாதக் கணக்கில் மூன்று தடவை போடப்படுவது, பிறகு இரத்தப் பரிசோதனை. அதாவது செப்டம்பரில் சேர வேண்டுமானால் பெப்ரவரிக்குள் முதல் ஊசியைப் போட்டிருக்க வேண்டும். அனுமதிக் கடிதம் வந்த பிறகு தொடங்கினால் பிந்திவிடும். இலங்கையில் பிறந்தவுடன் போடும் பி.சி.ஜி. ஊசியால் காசநோய்த் தோல் பரிசோதனை சிலருக்கு 'உண்டு' என்று காட்டக்கூடும். அது நோய் இருக்கிறதென்று அர்த்தமல்ல. அதற்கென இரத்தப் பரிசோதனையும் மார்பு எக்ஸ்ரேயும் உண்டு. தட்டம்மை ஊசி போட்ட உடனே தோல் பரிசோதனை செய்யக்கூடாது, ஒரே நாளில் செய்யலாம் அல்லது நான்கு வாரம் விட வேண்டும். இந்தச் சின்னக் கணக்கில் அவள் ஒரு மாதத்தைத் தவறவிட்டாள்.

இன்னொரு விடயம், பணம். அவள் ரொறன்ரோவை விட்டு வேறு நகரத்துக்குப் போவதற்குக் காரணமே அதுதான். வடக்கு, கிழக்கு, தென்மேற்கு ஒன்ராறியோவில் தாதியர் பற்றாக்குறை உள்ள பகுதிகளில் படிக்கும் மாணவர்களின் கல்விக் கட்டணத்தை ஏற்கும் நிதித் திட்டமொன்றை மாகாண அரசு 2023இல் தொடங்கியது. படித்து முடித்ததும் அதே பிரதேசத்தில், உதவி பெற்ற ஒவ்வொரு கல்வியாண்டுக்கும் குறைந்தது ஆறு மாதம் வேலை செய்ய வேண்டும். அவள் அதற்கு விண்ணப்பித்திருக்கிறாள். தமிழ்க் கடையும் கோயிலும் இல்லாத நகரம், உறவினர் யாரும் இல்லை, மாமிக்கு நீரிழிவு. மாமி தனியாக இருப்பார் என்பதுதான் அவளுக்குப் படிப்பைவிடப் பெரிய கவலை. சேமிப்பை எண்ணிப் பார்த்தாள். இரண்டு வருட வாடகைக்குப் போதாது, ஒன்றேகால் வருடத்துக்குப் போதும். மீதிக்கு மாணவர் கடன்.

"இன்னொரு இடம்பெயர்வுதானே அண்ணா" என்றாள். "இந்த முறை பெட்டியோட போறன்."

கலேவெலவில் அதே கேள்வி

இனி இங்கே வருவோம். சித்தியின் மகள் தாதியாக என்ன வழி?

சுகாதார அமைச்சின் கீழுள்ள தாதியர் பயிற்சிக் கல்லூரிகளில் மூன்று வருட டிப்ளோமா உண்டு. பயிற்சிக் காலத்தில் கொடுப்பனவும் உண்டு. கலேவெலவுக்குக் கிட்டியவை குருணாகலிலும் கண்டியிலும் இருக்கின்றன. தமிழ்ப் பிரதேசங்களில் யாழ்ப்பாணம், வவுனியா, மட்டக்களப்பு. ஆனால் உயர்தரத்தில் விஞ்ஞானப் பாடங்களில் சித்தி வேண்டும், வயதெல்லை உண்டு, பெறுபேறு வந்து ஆண்டுகள் கழிந்த பிறகே ஆட்சேர்ப்புக்கு அழைக்கும் வழக்கமும் உண்டு. இரண்டாவது வழி பல்கலைக்கழகத்தின் நான்கு வருடத் தாதியர் பட்டம். யாழ்ப்பாணம், கிழக்கு, பேராதனை, கொழும்பு, ஸ்ரீ ஜயவர்தனபுர, ருகுணு ஆகிய பல்கலைக்கழகங்களில் இருக்கிறது. ஆங்கில மொழிமூலம். இதற்கும் உயர்தர உயிரியல் பிரிவும் இசட் புள்ளியும் வேண்டும். அவளுடைய சமூகவியல் பட்டம் இந்த இரண்டு கதவுகளிலும் ஒரு செல்லாத தாள். அவள் பட்டம் பெறாத, உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்காத ஒருவருக்குச் சமம். வயதைப் பார்த்தால் அதைவிடக் கீழே.

அவள் ஏன் விஞ்ஞானம் படிக்கவில்லை என்று கேட்கலாம். நாட்டில் சுமார் 10,000 அரச பாடசாலைகள் இருக்கின்றன. அவற்றில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு உள்ள 1ஏபி பாடசாலைகள் ஏறத்தாழ ஆயிரம். அதிலே தமிழ்மொழி மூலம் எத்தனை, அதில் மாத்தளை மாவட்டத்தில் எத்தனை, கலேவெலவிலிருந்து ஒரு பெண்பிள்ளை தினமும் பஸ்ஸில் போய்வரக்கூடியவை எத்தனை என்று வடிகட்டிக்கொண்டே வந்தால், கலைப்பிரிவு என்பது அவள் எடுத்த முடிவு அல்ல என்பது விளங்கும். பதினாறு வயதில் பஸ் வசதி எடுத்த முடிவு அது. அந்த முடிவை இருபத்தொன்பது வயதில் மாற்ற இந்நாட்டில் வழியில்லை. ரொறன்ரோவில் இரவு வகுப்பில் மாற்ற முடிந்தது.

இரு நாடுகளின் பணவசதியை ஒப்பிடுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஏழை நாடு, செய்ய முடியாது என்று சொல்லலாம்தான். ஆனால் இந்த விடயத்தில் பணம் முதற்காரணம் அல்ல. பட்டதாரிக்கு நான்கு வருடத்துக்குப் பதிலாக இரண்டரை வருடத்தில் பயிற்சியளிப்பது அரசுக்குச் செலவைக் குறைப்பது. 2020இல் ஏறத்தாழ 50,000 பட்டதாரிகளை ஒரேயடியாக அரச சேவைக்குள் எடுத்தார்கள். பலர் பிரதேச செயலகங்களில் உட்கார நாற்காலி இல்லாமல் நின்றதை நாம் பார்த்தோம். அதற்கு மூன்று வருடம் முன்பு, 2017இல், வடக்கிலும் கிழக்கிலும் வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்கில் வீதியில் இருந்தார்கள். ஒரு பக்கம் நாற்காலி இல்லாத பட்டதாரிகள், மறுபக்கம் தாதியர் போதாத விடுதிகள். இரண்டையும் இணைக்கும் ஒரு பாலத்தைப் போட வேண்டும் என்று எந்த அமைச்சுக்கும் தோன்றவில்லை.

இலங்கைக்கு முன்கற்றலை அங்கீகரிப்பது தெரியாத விடயமும் அல்ல. என்.வி.கியூ. எனப்படும் தேசிய தொழிற்தகைமை முறையில், பாடசாலைப் பக்கம் போகாமலே இருபது வருடம் மேசன் வேலை செய்தவர் தன் திறமையைக் காட்டிச் சான்றிதழ் பெறலாம். மின்னிணைப்பாளருக்கும் வாகனத் திருத்துநருக்கும் அப்படியே. தாதியியலிலேயே ஒரு முன்மாதிரி உண்டு. டிப்ளோமா பெற்றுப் பணியிலிருக்கும் தாதியர் பட்டம் பெறுவதற்கான கற்கையைத் திறந்த பல்கலைக்கழகம் 1994இல் தொடங்கியது. அதற்குக் கைகொடுத்தது கனடாவின் அதபாஸ்கா பல்கலைக்கழகம். டிப்ளோமாவைக் கணக்கில் எடுத்துப் பட்டத்துக்கு வழிவிட முடிந்த நாட்டால், பட்டத்தைக் கணக்கில் எடுத்து டிப்ளோமாவுக்கு வழிவிட முடியாதா?

இந்த இடத்தில் வன்னியை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 2009இன் முதல் மாதங்களில் வைத்தியசாலைகள் கிளிநொச்சியிலிருந்து தர்மபுரம், உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு, புதுமாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று நகர்ந்துகொண்டே போயின. அங்கே பயிற்சி பெற்ற தாதியரோடு தொண்டர்களும் நின்றார்கள். காயத்துக்குக் கட்டுப்போட்டார்கள், சேலைன் பிடித்தார்கள், மயக்கமருந்து போதாத அறுவைச் சிகிச்சைகளில் உதவினார்கள். இருபது வயதுப் பிள்ளைகள் ஒரு வாரத்தில் பார்த்த காயங்களை, அமைதியான ஊரில் ஒரு தாதி தன் சேவைக்காலம் முழுவதும் பார்க்க மாட்டார். அந்த அனுபவத்தை எந்தப் படிவத்தின் எந்த நிரலிலும் எழுத முடியாது. பலருக்கு அதை வாய்விட்டுச் சொல்வதே ஆபத்தாக இருந்தது. போருக்குப் பிறகும் வடக்கின் வைத்தியசாலைகளிலும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளிலும் ஆண்டுக்கணக்காகச் சொற்பக் கொடுப்பனவுக்கோ சும்மாவோ வேலை செய்த சுகாதாரத் தொண்டர்கள், நிரந்தர நியமனம் கேட்டு யாழ்ப்பாணத்தில் நாட்கணக்கில் போராடினார்கள். அவர்கள் கேட்டது சிற்றூழியர் வேலைதான். தாதியாவதற்கான ஒரு படியைக் கேட்க வேண்டும் என்றுகூட அவர்களுக்குத் தோன்றாத அளவுக்கு அந்தக் கதவு மூடியிருந்தது.

எங்கள் சமூகத்தில் தாதிக்கு உள்ள மதிப்பு வேறு விதமானது. 1987 ஒக்டோபர் 21இல் யாழ் போதனா வைத்தியசாலைக்குள் இந்தியப் படையினர் நுழைந்து கொன்றவர்களில் 21 பேர் அங்கே பணியாற்றியவர்கள். வைத்தியர்களோடு தாதியரும் அதில் இருந்தார்கள். தப்பியோடாமல் விடுதியில் நின்றவர்கள் என்பதால்தான் ஒவ்வொரு வருடமும் அங்கே விளக்கேற்றுகிறோம். அந்தத் தொழிலுக்கு வர விரும்பும் பிள்ளைக்கு நாம் காட்டும் வழி, தூசி படிந்த ஒரு பதாகை.

பதாகை விற்பது என்ன?

அரசு வழியை மூடிவைத்தால் அந்த இடத்துக்குச் சந்தை வரும். வந்துவிட்டது. சித்தியின் மகளோடு உட்கார்ந்து அந்த இலக்கத்துக்கு அழைத்தேன். பேசிய பெண் மரியாதையாகப் பேசினார். கட்டணத்தைத் தவணையில் கட்டலாம், சீருடை இலவசம், தமிழில் விளங்கப்படுத்துவார்கள். "இதை முடித்தால் தாதியர் பேரவையில் பதிவு கிடைக்குமா?" என்று இவள் கேட்டாள். மறுமுனையில் சிறிது மௌனம். "அது பிறகு பாத்துக்கலாம் மிஸ். வெளிநாட்டுக்கு அது தேவைப்படாது."

தேவைப்படும். எந்த நாட்டிலும் பதிவு இல்லாதவர் தாதி அல்ல. இலங்கையில் அதற்கென 1988ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க தாதியர் பேரவைச் சட்டம் இருக்கிறது. ஆறு மாதக் கற்கைகள் பெரும்பாலும் தருவது தாதிய உதவியாளர் அல்லது பராமரிப்பாளர் என்ற தகைமையை. அதுவும் நிறுவனம் மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு பெற்று, கற்கை என்.வி.கியூ. மட்டத்துக்கு அங்கீகரிக்கப்பட்டிருந்தால்தான். அந்தப் பதிவு இலக்கத்தைக் கேளுங்கள், கேட்டு ஆணைக்குழுவிலேயே சரிபாருங்கள். வெளிநாட்டு வேலை என்று சொன்னால் வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப் பத்திரம் யாருடைய பெயரில் என்று கேளுங்கள். பராமரிப்பாளர் வேலை கேவலமானதல்ல. இஸ்ரேலுக்கும் ஜப்பானுக்கும் அந்த வேலைக்குப் போய்க் குடும்பத்தைக் காப்பாற்றும் இலங்கையர் பலர். ஆனால் அது முதியவர்களைப் பராமரிக்கும் வேலை. அந்த அனுபவம் அங்கே பத்து வருடம் சேர்ந்தாலும் அவரைத் தாதியாக்காது. உதவியாளர் கற்கையைத் தாதியர் கற்கை என்று பெயர் மாற்றி விற்பதுதான் தவறு. கலேவெலவில் மட்டுமல்ல, வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் மட்டக்களப்பிலும் இதே பதாகைகளைப் பார்த்திருக்கிறேன். விமானத்தின் நிறம்தான் வேறு.

இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. பயிற்சிக் காலத்தைக் குறைத்தால் தரம் குறையும், உயிரோடு விளையாடுவது என்று தாதியர் தரப்பில் சொல்லப்படுவது வெறும் பிடிவாதம் அல்ல. மூன்று வருடம் படித்து இரவு விடுதியில் ஐம்பது நோயாளியைத் தனியாகப் பார்ப்பவருக்கு, குறுக்கே ஒருவர் வந்துவிடுவாரோ என்ற பயம் நியாயமானது. அந்தப் பயத்துக்குப் பிரித்தானியாவின் மணித்தியாலக் கணக்கு பதில் சொல்கிறது. கழிப்பதற்கு உச்சவரம்பு வைத்து, இறுதித் தேர்ச்சியை எல்லோருக்கும் ஒன்றாக வைத்தால் தரம் கீழே போகாது. இலங்கையில் அப்படியொரு கற்கையைத் தொடங்குவதானால் கலைப்பட்டதாரிக்கு ஒரு வருட அறிவியல் அடிப்படை கட்டாயம் வேண்டும் என்பதே என் நிலைப்பாடு. அவசரமாகத் தொடங்கி, அரசியல்வாதிகள் பெயர்ப்பட்டியல் கொடுத்து, இன்னொரு பட்டதாரி நியமனமாக அது முடிவதைவிடத் தொடங்காமலிருப்பது நல்லது.

பயிற்சியளித்தாலும் அவர்கள் வெளிநாடு போய்விடுவார்கள் என்பது அடுத்த வாதம். போவார்கள். 2022 நெருக்கடியில் அரச ஊழியர்கள் ஐந்து வருடம் வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு செல்ல அனுமதித்துச் சுற்றறிக்கை வெளியிட்டதே அரசுதான். போகிறவர்களைத் தடுக்க முடியாவிட்டால் நிரப்பும் வேகத்தையாவது கூட்ட வேண்டும். பல கதவுகளில் ஒன்றையாவது திறக்க வேண்டும். தவிரவும், போகாமல் இருக்கக் காரணமுள்ளவர்கள் இருக்கிறார்கள். சித்தியின் மகள் அதில் ஒருத்தி.

அவளுக்கு அந்த எண்ணம் எப்படி வந்தது என்பதைச் சொல்ல மறந்துவிட்டேன். மூன்று வருடத்துக்கு முன் மத்திய மாகாணத்தின் அரச வைத்தியசாலையொன்றில் அவள் சித்தப்பாவுக்குத் துணைக்கு நின்றாள். விடுதியில் அன்றிரவு தமிழ் தெரிந்த தாதி யாரும் இல்லை. பக்கத்துக் கட்டிலில் தோட்டத்திலிருந்து வந்த ஒரு வயதான அம்மா. நெஞ்சில் அல்ல, வயிற்றில்தான் எரிகிறது என்பதைக் கைஜாடையில் சொல்லிக்கொண்டிருந்தார். கடமையிலிருந்த தாதி கெட்டவர் அல்ல, களைத்துப்போனவர். இவள் எழுந்துபோய் மொழிபெயர்த்தாள். அடுத்த நான்கு இரவும் அந்த விடுதியின் தமிழ் நோயாளிகள், முஸ்லிம் நோயாளிகள் எல்லோருக்கும் இவள்தான் வாய். ஐந்தாம் நாள் அந்தத் தாதியே, "நீ இங்கேயே வேலைக்கு வந்துவிடேன்" என்றாராம் சிங்களத்தில்.

தமிழும் அரச கரும மொழி என்று 13ஆவது திருத்தம் சொல்லி 1987 முதல் எத்தனையோ ஆண்டுகள். மானிப்பாயில் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த சாமுவேல் கிறீன் தமிழிலேயே மேலைத்தேய மருத்துவம் கற்பித்து ஒன்றரை நூற்றாண்டு ஆகிறது. கலேவெலவைப் போல மூன்று சமூகங்களும் கலந்து வாழும் ஊரில், சிங்களமும் தமிழும் சரளமாகப் பேசும், சமூகவியல் படித்த, நோயாளியின் பக்கத்தில் நிற்கப் பயப்படாத ஒரு பெண்ணைத் தாதியாக்குவதற்கு இந்த அரசிடம் ஒரு விண்ணப்பப் படிவம்கூட இல்லை.

ரொறன்ரோக்காரிக்கு இரத்தப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. தட்டம்மைக்கும் ருபெல்லாவுக்கும் எதிர்ப்புச் சக்தி இருக்கிறது. யார் எங்கே எப்போது போட்ட ஊசி என்று தெரியாது, கிளிநொச்சியா, முகாமா, கலேவெலப் பாடசாலையா. ஹெபடைடிஸ் மூன்றாவது ஊசி ஓகஸ்டில். புதிய நகரத்தில் வைத்தியசாலைக்கு நடந்துபோகும் தூரத்தில் நிலக்கீழ் அறையொன்று பார்த்திருக்கிறாள்.

சித்தியின் மகள் பதாகைக்காரர்களுக்கு இன்னும் பணம் கட்டவில்லை. முற்பணம் செலுத்த மாத முடிவு வரை நேரம் கொடுத்திருக்கிறார்களாம். நேற்றும் அழைத்து, இரண்டு இடம்தான் மிச்சம் என்றார்களாம்.